கன்னு வீசுன மாடும் எங்கூட்டுக்காரி வாயும்

மாடு வெச்சிருக்கீங்களா தம்பி? இல்லீங்களா? புண்ணியம் பண்ணுனவரு நீங்க. பாக்கெட்டுப் பாலைக் கத்தரிச்சு ஊத்துனோமா, காப்பியக் குடிச்சோமா, பஸ்ஸேறுனோமான்னு இருக்கலாம். கால நல்லா நீட்டிக்குங்க. தாராபுரம் போய்ச் சேர்ற வரைக்கும் இந்த வண்டி இப்படித்தான் உருளும்.

நானுங்களா? ஆஸ்பத்திரிக்குத்தான். ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. மாத்திரை வாங்கோணும், அப்படியே பேரனைப் பாக்கோணும். எம் பொண்ணுக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு எங்க வரோணும்? அப்பன் ஊட்டுக்கு. எம் பொண்ணு வரலீங்க. நான் கல்லுக்குண்டாட்டம் உசுரோட இருக்கறேன். தொட்டிக்கட்டு வீடு இருக்குது, தோட்டம் இருக்குது, கெணத்துல தண்ணி இருக்குது. அவ போயி டவுன்ல தாய்மாமன் ஊட்டுல, ரெண்டு ரூம்புக்குள்ள ஒடுங்கிக் கெடந்துட்டு ஆஸ்பத்திரியில பெத்தா. ஏன்னு கேளுங்க. கேக்கமாட்டீங்க, மரியாதைக்காரரு. நானே சொல்றேன். எல்லாத்துக்கும் காரணம் எங்கூட்டுக்காரியோட வாயிங்க.

எம் பேரு நாச்சிமுத்து. எங்கூரு செம்மாண்டவலசு. ஊருக்குள்ள வந்து 'மாட்டு நாச்சிமுத்து ஊடு எது'ன்னு கேட்டுப் பாருங்க, தவழற கொழந்தை கூடக் கை காட்டும். நான் இழுத்துப் போட்ட கன்னுக்கெல்லாம் கணக்கு வெச்சா அதுக்குன்னு தனியா ஒரு ஆபீசு வேணும். கன்னு தலை திரும்பிக்கிச்சா, கூப்புடு நாச்சிமுத்தை. நஞ்சுக்கொடி வுழுகலையா, கூப்புடு நாச்சிமுத்தை. சட்டையக் கழட்டிட்டுத் தோளு வரைக்கும் கைய உட்டேன்னா வேலை முடிஞ்சுது. அந்தக் கைய வேட்டியிலயே தொடைச்சுட்டு ஒரு டீயைக் குடிச்சுட்டு வருவேன். எனக்கென்ன ஆயிப்போச்சு? சொல்லுங்க.

அப்பறம் எதுக்கு மாத்திரைன்னு கேக்கறீங்களா? அதுக்குத்தான் வர்றேன்.

போன வருசம் கெழக்க ஒரு சந்தையில மாடு ஒண்ணு புடிச்சேன். நல்ல சிந்துக் கலப்பு. ஏழு மாசச் செனை. மடியப் பாத்தா கண்ணு பட்டுரும். வித்தவன் வாயில தேனு ஒழுகுச்சு. 'அண்ணா, எம் புள்ளையாட்டம் வளத்தது, பொண்ணு கல்யாணத்துக்காகத்தான் குடுக்கறேன்'னான். கண்ணுல தண்ணி வேற. நானும் எரக்கப்பட்டுட்டேன். புடிச்சாந்து கட்டுத்தரையில கட்டி ஒரு வாரம் இருக்காது, கன்னு வீசிருச்சுங்க. மாசம் நெறையாத கன்னு, செத்துத்தான் வுழுந்துச்சு. கொடி உள்ளயே நின்னு போச்சு.

அப்ப எனக்கென்ன தெரியும்? பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் கண்ணுன்னு நெனைச்சேன். அவந்தான் மொத நாளு வந்து வேலி மேல சாஞ்சுக்கிட்டு, 'என்னுங்க மச்சான், பாலு கொட்டுமாட்ட இருக்குதே'ன்னு பெருமூச்சு உட்டான். அந்தப் பெருமூச்சுலயே கன்னு போயிருச்சுன்னு அவனோட பேச்சு வார்த்தைய நிறுத்திப்போட்டேன். இன்னமும் பேசறதில்லீங்க. ஆரம்பிச்சதை நடுவுல உடற பழக்கம் நமக்குக் கெடையாது.

கொடிய நாந்தான் எடுத்தேன். வெறுங்கையில. நாத்தம்னா அப்பேர்ப்பட்ட நாத்தம். கன்னைத் தூக்கி வேலியோரம் போட்டேன். கொடிய வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுனேன், அப்பத்தான் பாலு நல்லா ஊறும். அது ஒரு பொழுது கூட நிக்கலீங்க. நாய் எட்டி இழுத்து ஊர் வீதியெல்லாம் இழுத்துக்கிட்டுத் திரிஞ்சுது. ஊர் நாய்க்கு நான் போட்ட விருந்துன்னு வெச்சுக்குங்க.

எங்கூட்டுக்காரி, சம்பூர்ணம்னு பேரு, வாசல்ல சோப்போட வந்து நின்னா. 'ஏனுங்க, இதைப் போட்டுக் கழுவுங்க. கையில வேற முள்ளு கிழிச்சிருக்குது.' நான் சொன்னேன், 'இந்தக் கைக்குச் சோப்பு போட்டா ராசி போயிரும் புள்ளே.' அப்பவே அவ மொகத்துல ஒரு மாதிரி. அவ மொகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா பொழப்பு நடக்குங்களா?

அப்பறம் கொஞ்ச நாள் கழிச்சு எனக்கு மேலுக்கு முடியாமப் போச்சு. வெடியால பாத்தா கல்லாட்டம் இருப்பேன். பொழுது சாஞ்சாப் போதும், குளிரெடுக்கும், காய்ச்சல் வரும். வேர்த்துச்சுன்னா பாயைப் புழிஞ்சு காயப்போடலாம். இடுப்பு வலின்னா, குனிஞ்சு செருப்பு எடுக்க முடியாது. நாலு நாள் வரும், போயிரும். 'சரி, தொலைஞ்சுது'ன்னு தோட்டத்துக்குப் போனா மறுபடி வந்துரும். காய்ச்சலுக்கே லீவு உண்டு, எனக்கு இல்லை.

பாக்காத டாக்டரில்லைங்க. ஒருத்தரு டைபாய்டுன்னாரு. ஒருத்தரு, 'வயசாச்சுங்களே, முதுகெலும்பு தேஞ்சிருக்கு'ன்னு கழுத்துல ஒரு பட்டையக் கட்டி உட்டாரு. இடுப்பு வலிக்கிதுன்னு போனவனுக்குக் கழுத்துப் பட்டை! இன்னொருத்தரு ஒடம்பு எளைச்சதைப் பாத்துட்டு டி.பி.யா இருக்குமோன்னு சளி எடுத்தாரு. வெறும் சளிதான் இருந்துச்சாமா. படிச்ச படிப்பு எப்படீன்னு பாத்துக்குங்க.

ஒருத்தரு மட்டும் கேட்டாருங்க. நல்ல கேள்வின்னு அப்பத் தோணலை. 'வீட்ல ஆடு மாடு இருக்கா? ஏதாவது சீக்குப் பட்டுச்சா?'ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மாட்டு நாச்சிமுத்துகிட்டக் கேக்கற கேள்வியா அது? 'எம் மாட்டுக்குச் சீக்கா? உங்களை உட அதுக நல்லா இருக்குதுங்க'ன்னேன். கன்னு வீசுனதைச் சொல்லலை. சொன்னா நாளைக்கே சொசைட்டியில பாலு வேண்டாம்பான். ஆஸ்பத்திரிக்கும் சொசைட்டிக்கும் நடுவால எத்தனை காதுங்க இருக்குது!

அப்பறம் இன்னொண்ணு. நீங்க ஆம்பளை, சொல்லலாம். சொல்லக்கூடாத எடத்துல வீக்கம். நடக்கறதுக்கே ஆகலை. அந்த டைபாய்டுக்காரருகிட்ட ஒரு நர்சம்மா பக்கத்துல நின்னுச்சு, அதனால முட்டி வலின்னு சொல்லிட்டேன். அவரும் முட்டிக்குத் தைலம் எழுதிக் குடுத்தாரு. நானும் தேச்சேன். முட்டி நல்லா ஆயிருச்சுங்க, அதுல கொறை சொல்லமாட்டேன்.

இதுக்கு நடுவால எங்கூட்டுச் செவலை கன்னு வீசிருச்சு. அது நான் கன்னுக்குட்டியில இருந்து வளத்தது, வீட்டு மாடு. அதுவும் மாசம் நெறையாம. மறுபடியும் கைய உட்டு எடுத்தேன், காய்ச்சலோடவே. வேற ஒருத்தனா இருந்தா படுத்துருப்பான்.

நான் படுத்திருந்த நேரமாப் பாத்து சம்பூர்ணம் என்ன பண்ணிப்போட்டா தெரியுங்களா? என்னை ஒரு வார்த்தை கேக்காம மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டா. எங்கூட்டுக்கு! மாட்டு டாக்டரு! ஊருக்கெல்லாம் நான் போவேன், எங்கூட்டுக்கு இன்னொருத்தரு வர்றதா?

வந்தது ஒரு பொண்ணுங்க. மெர்லின்னு பேரு. நாகர்கோயில் பக்கம் போலிருக்குது. பேச்சு ஒரு தினுசா இருந்துச்சு, எதுக்கெடுத்தாலும் 'ஆக்கும்'னுச்சு. ஆளு நம்ம செவலை மாட்டுத் தோளு ஒசரம் கூட இல்லை. ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு, தோளு வரைக்கும் கையுறைய மாட்டிக்கிட்டு, மூஞ்சிக்கு ஒரு துணிய வேற கட்டிக்கிட்டு வந்துச்சு. சந்திரனுக்குப் போறவங்களாட்டம். எனக்குச் சிரிப்புத் தாங்கலை.

'கொடிய எடுத்தது யாரு?'ன்னுச்சு.

'நாந்தானுங்க.'

'ரெண்டு மாட்டுக்குமா?'

'ரெண்டுக்குமில்லை அம்மிணி, இந்தச் சுத்துவட்டாரத்துக்கே நாந்தான்.'

'கையுறை போட்டீங்களா?'

'எதுக்குங்க? பந்தி பரிமாறவா போறேன்?'

அது சிரிக்கலீங்க. ரெண்டு மாட்டுலயும் ரத்தம் எடுத்துச்சு, பாலு எடுத்துச்சு. மறுநாள் வந்து கட்டுத்தரையில நின்னுக்கிட்டுச் சொல்லுச்சு: 'ஐயா, பாலு டெஸ்ட்ல நீல வளையம் கெட்டியிருக்கு. ரத்தத்துலயும் இருக்கு. இது கன்று வீச்சு நோயாக்கும். புரூசெல்லோசிஸ்னு சொல்லுவாங்க. அந்தச் சந்தை மாடு கொண்டு வந்தது. கொடி, கன்னு, பனிக்குடத் தண்ணி, எல்லாத்துலயும் கிருமி கோடி கோடியா இருக்கும். இனி மாடு வாங்கினா மொதல்ல ரத்தம் பாத்துட்டு வாங்குங்க.'

நீல வளையமாமா. எனக்குத் தெரிஞ்ச வளையமெல்லாம் சக்கரத்துலயும் காதுலயும் இருக்கறதுதான்.

அப்பறம் என்னையத் திரும்பிப் பாத்துச்சு. மாட்டைப் பாக்கற மாதிரியே. 'உங்களுக்குச் சாயங்காலமானாக் காய்ச்சல் வரதுண்டா?'

'எனக்கெதுக்கு வருது? எனக்கு ஒண்ணுமில்லை'ன்னேன்.

'வருதுங்கம்மா'ன்னா எங்கூட்டுக்காரி. தூணுக்குப் பின்னால இருந்து. 'பொழுதோட வருது, வேர்த்துக் கொட்டுது, பாதி ஒடம்பு போயிருச்சு. நடக்கறப்போ கால அகட்டி அகட்டி நடக்கறாரு. என்னன்னு கேட்டா முட்டிங்கறாரு.'

ஒரு பொண்ணு முன்னால! அதுவும் டாக்டருக்குப் படிச்ச பொண்ணு! என் மானம் செவலை மாட்டுக்கு முன்னாலயே போச்சுங்க. அந்தப் பொண்ணு கொஞ்சமும் கூச்சப்படலை. 'ஆம்பிளையளுக்கு விதையில வீக்கம் வரும் ஐயா. அதும் இந்த நோயாக்கும். பச்சைப்பால் குடிக்கறதுண்டா?'

உண்டான்னு கேட்டுச்சு பாருங்க! வெடியால மடிக்கடியில சொம்பப் புடிச்சு, நொரையோட, சூட்டோடக் குடிச்சு வளந்த ஒடம்பு இது. அதைச் சொன்னேன். அது தலைய ரெண்டு பக்கமும் ஆட்டிட்டு சம்பூர்ணத்துகிட்டச் சொல்லுச்சு, 'அக்கா, இவங்களப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு மாடு கன்னு வீசினதையும், வெறுங்கையில கொடி எடுத்ததையும், பச்சைப்பால் குடிச்சதையும் மறக்காமச் சொல்லுங்க. சொன்னாத்தான் அந்த டெஸ்ட்டு எடுப்பாங்க.'

எனக்கு வைத்தியம் சொன்னது யாருங்க? மாட்டு டாக்டரு. மாட்டுக்கு வைத்தியம் பாத்தவனுக்கு மாட்டு வைத்தியம். ஊரு சிரிக்காதுங்களா?

அதோட நின்னுச்சா? கெடேரிக் கன்னு ஒண்ணு, பால்குடி மறந்தது, மூலையில நின்னுச்சு. அதுக்கு ஒரு ஊசி. 'பொட்டைக் கன்னுக்கு இந்த வயசுல ஒரு தடவை போட்டாப் போதும், ஆயுசுக்கும் இந்த நோய் வராது'ன்னுச்சு. 'செவலைக்கு அந்த வயசுல போடலியா?'ன்னு கேட்டுச்சு. அப்ப ஊருல முகாம் போட்டாங்க, உள்ளதுதான். நாந்தான், எம் மாட்டு மேல ஊசி படக்கூடாதுன்னு வாசல்லயே திருப்பி அனுப்புனேன். அதையெல்லாம் போயி இதுகிட்ட எதுக்குச் சொல்றது? 'ஆருமே வரலீங்க'ன்னு சொன்னேன். அரசாங்கத்தைக் கொறை சொன்னா ஆரு மறுத்துப் பேசப்போறாங்க?

பெரியாஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. அதேதான். இருந்துச்சு. அந்த டாக்டரு என்னைப் பாத்து, 'மாடு கன்னு வீசினதை முன்னமே சொல்லியிருந்தா இத்தனை மாசம் அவஸ்தைப்பட்டிருக்க வேண்டாமே'ன்னாரு. கண்டுபுடிக்கறது அவங்க வேலையா, என் வேலையா? நான் சொல்லித்தான் அவரு கண்டுபுடிக்கோணும்னா அந்த நாற்காலியில நானே உக்காந்துக்கலாமே.

சம்பூர்ணத்துக்கும் ரத்தம் பாத்தாங்க. அவளுக்கு ஒண்ணுமே இல்லையாமா! அவ பாலைக் காய்ச்சித்தான் குடிப்பாளாமா. சாணி அள்ளுனா சோப்புப் போட்டுத்தான் சோத்துல கைய வெப்பாளாமா. டாக்டரு அவளைப் பாத்து, 'கெட்டிக்காரம்மா'ன்னாரு. நோவு வந்து கெடக்கறவன் நான், பாராட்டு அவளுக்கு.

மாத்திரை ஒன்றரை மாசத்துக்கு. காய்ச்சல் நின்னாலும் நடுவால நிறுத்தக்கூடாதுன்னு சொன்னாங்களாமா. அதுல ஒரு மாத்திரை, போட்ட அன்னைக்கே ஒண்ணுக்குப் போனா, செவச்செவன்னு! காவித் தண்ணியாட்டம். எனக்கு உசுரே போயிருச்சு. 'சம்பூர்ணம், ரத்தம் ரத்தமாப் போகுது, மேனகாவை வரச்சொல்லு, கடைசியா ஒருக்காப் பாத்துக்கறேன்'னு கத்துனேன். அவ சாவகாசமா வந்து, 'அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும்னு டாக்டரு உங்களுக்கு நேராத்தானுங்களே சொன்னாரு. நீங்க மேல பேனு சுத்தறதைப் பாத்துட்டிருந்தீங்க'ன்னா. ஒரு ஆளு சாகக் கெடக்கறான், பேச்சப் பாருங்க.

மேனகாதானுங்க எம் பொண்ணு. ஒரே பொண்ணு. அப்ப அவளுக்கு ஏழு மாசம். வளைகாப்பு முடிச்சுக் கூட்டியாரோணும். நான் பந்தலுக்குச் சொல்லிட்டேன், சமையக்காரனுக்குச் சொல்லிட்டேன். சம்பூர்ணம் அசையவே இல்லை. 'புள்ளையை இந்த ஊட்டுக்குக் கூட்டியாரமாட்டேன். மெர்லினம்மாவக் கேட்டுட்டேன். கர்ப்பிணிக்கு வந்தாக் கரு கலைஞ்சாலும் கலையுமாமா'ன்னா.

'அப்ப மாட்டைத் தள்ளிட்டாச் சரியாப் போகுமில்ல?'ன்னேன்.

எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்குதுங்க. நான் என்ன முட்டாளா? தரகன் அப்புக்குட்டியக் கூப்புட்டுச் சந்தை மாட்டைப் பேசி முடிச்சேன். அந்த மெர்லினு, விக்கக்கூடாது, தனியாக் கட்டிப்போடோணும், எங்க வித்தாலும் அங்க சீக்குப் பரவும்னு என்னென்னமோ சொல்லிச்சு. அதுக்கென்ன, அது சம்பளக்காரி. மாட்டைக் கட்டிப் போட்டுத் தீனி போடறவனுக்குத்தான் தெரியும். எனக்கு அந்தச் சந்தைக்காரன் தலையில கட்டலையா? அவன் பண்ணுனது துரோகமுங்க, பச்சைத் துரோகம். இன்னைக்கும் நெனைச்சா வயிறெரியுது. ஆனா நான் விக்கறது யாவாரம். ரெண்டும் ஒண்ணாகாதுங்களே.

அப்புக்குட்டி ஆளுகளைக் கூட்டியாந்தான். ஊத்துப்பாளையத்துப் பையன், லோகநாதன்னு பேரு. கூடவே அவன் சம்சாரம். சின்னப் பொண்ணு. வயித்தைத் தள்ளிக்கிட்டு, அத்தனை வெய்யில்ல வண்டியில வந்திருக்குது. மாட்டைப் பாத்ததும் அவனுக்குப் புடிச்சுப் போச்சு. மடியத் தடவுனான், பல்லைப் பாத்தான். நான் சொன்னேன், 'எம் புள்ளையாட்டம் தம்பி. பொண்ணு பிரசவத்துக்காகத்தான் குடுக்கறேன்.' அதுல ஒரு எழுத்துப் பொய்யில்லீங்க. பொண்ணு பிரசவத்துக்காகத்தானே குடுத்தேன்?

கன்னைப் பத்திக் கேட்டான். செத்துப் பொறந்துச்சு, சென்னியப்பன் கண்ணுன்னு சொன்னேன். அதையும் மறைக்கலை.

'இவளுக்குத்தானுங்க மாடு'ன்னான். 'தெனமும் கறந்த சூட்டோட குடிச்சாக் கொழந்தை தெம்பா இருக்கும்னு எங்கம்மா சொல்லுது.'

'சத்தியமான வார்த்தை'ன்னேன்.

அப்பத்தான் சம்பூர்ணம் தண்ணிச் சொம்போட வெளிய வந்தா. அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்தா. அது குடிச்சு முடிக்கற வரைக்கும் அது வயித்தையே பாத்துட்டு நின்னா.

'எத்தனை மாசம் கண்ணு?'

'ஏழுங்கக்கா.'

'எம் பொண்ணுக்கும் ஏழுதான்'னா. சொம்பத் திருப்பி வாங்குனா. வாங்கிக்கிட்டு உள்ள போயிருந்தா இந்தக் கதையே இல்லீங்க. போகலை. நின்னா. நான் கண்ணக் காட்டுனேன், தொண்டையக் கனைச்சேன், கால நகட்டி அவ காலை ஒரு மிதி கூட மிதிச்சேன். ஒண்ணும் எடுபடலை.

'தம்பி, இந்த மாட்டை வாங்காதீங்க. இதுக்குக் கன்னு வீச்சு சீக்கு இருக்குது. டெஸ்ட் எடுத்துச் சொல்லியிருக்காங்க. இவருக்கும் இதுல இருந்துதான் வந்து மாசக்கணக்குல படுத்துட்டாரு. எம் பொண்ணையே நான் இந்த ஊட்டுக்குள்ள உடலை. உம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மொதல்ல அந்தக் கட்டுத்தரைய உட்டு வெளிய வா.'

எல்லாத்தையும் அவ கத்திச் சொல்லலீங்க. அதுதான் எனக்கு இன்னமும் ஆறலை. கத்தியிருந்தா, 'அவளுக்கு மூளை சரியில்லை'ன்னாவது சொல்லியிருப்பேன். தண்ணி வேணுமான்னு கேக்கற மாதிரி சொன்னா.

அப்புக்குட்டி என்னையப் பாத்தான். நான் வானத்தைப் பாத்தேன். அந்தப் பையன் அவளைக் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனான். அந்தப் பொண்ணு திரும்பித் திரும்பிச் சம்பூர்ணத்தைப் பாத்துக்கிட்டே போச்சு.

'வீட்டுல இருந்துக்கிட்டு என்னைய இப்படிக் காட்டிக் குடுத்துட்டியே'ன்னேன்.

'அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா, என்னால எம் புள்ளை மொகத்தைப் பாக்க முடியுங்களா?'ன்னா.

எவளோ ஒருத்திங்க! முன்ன பின்ன தெரியாது! அவளுக்காகக் கட்டுன புருசனத் தெருவுல நிறுத்திட்டா. அதுக்கப்பறம் நான் அவளோட பேசலை. அவ அதைக் கவனிச்ச மாதிரியே தெரியலை. அதுதான் கொடுமை.

அவளுக்கு வேலை இருந்துச்சு. ரெண்டு மாட்டையும் தோட்டத்துக் கடைசியில தனிக் கொட்டாய் போட்டுக் கட்டுனா. கட்டுத்தரைய மேல் மண்ணு வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு கொட்டுனா. ஆலமரத்தடிக்குப் போயி நாய் இழுத்துப் போட்ட எலும்பு, வைக்கோலு எல்லாத்தையும் பொறுக்கிக் குழி தோண்டிப் பொதைச்சா. கையில உறை, மூஞ்சியில துணி. அவளும் சந்திரனுக்குக் கெளம்பிட்டா. சொசைட்டிக்கு அவளே போயிச் சொல்லிட்டு வந்துட்டா, நான் எதைச் சொல்லக்கூடாதுன்னு அத்தனை டாக்டருகிட்டயும் மறைச்சனோ அதை. அவங்க ஒரு கூட்டம் போட்டு ஊரு மாட்டுக்கெல்லாம் ரத்தம் எடுத்தாங்க. ஆறேழு மாட்டுக்கு இருந்துச்சாமா. அத்தனையும் நான் பிரசவம் பாத்த மாடாமா. தற்செயலுங்க. நான் பாக்காத மாடு எது இருக்குது ஊருல?

இப்ப யாரு ஊட்டுல மாடு செனையா இருந்தாலும் போன் அவளுக்குத்தான் வருது. 'அக்கா, கொடிய என்ன பண்றது? அக்கா, கையுறை எங்க கெடைக்கும்?' எம் பேரு எங்கயும் இல்லை.

மேனகாவைத் தன் அண்ணன் ஊட்டுல கொண்டு போயி வெச்சுட்டா. ஊருல கேக்கறவனுக்கெல்லாம், 'ஆஸ்பத்திரி பக்கமா இருக்கட்டும்னு'ன்னு நான் பல்லைக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

நடுவால நான் மாத்திரைய நிறுத்துனது உள்ளதுதான். காய்ச்சல் போயிருச்சு, வீக்கம் போயிருச்சு, நல்லாப் பசிச்சுது. நல்லா இருக்கறவன் எதுக்கு மாத்திரை திங்கோணும்? அதுவும் வயிறு வேற எரியுது. மிச்சத்தைத் தூக்கி வீசிட்டேன். கொஞ்ச நாள்ல திரும்ப வந்துருச்சு. டாக்டரு திட்டுனாரு. மறுபடி மொதல்ல இருந்து ஒன்றரை மாசம். பாருங்க, ஒழுங்கா வேலை செய்யற மருந்தா இருந்தா, பாதி சாப்புட்டாப் பாதியாவது நிக்கோணுமில்லீங்களா?

மேனகாவுக்குப் போன வாரம் பையன் பொறந்தான். ரோசாப்பூவாட்டம் இருக்கான். கை காலு, கண்ணு, எல்லாம் அதது அந்தந்த எடத்துல இருக்குது. தாயும் சௌக்கியம். நான் டாக்டரம்மாகிட்டயே கேட்டேன், 'அந்தக் கன்னு வீச்சுக் கிருமி ஏதாவது?'ன்னு. 'ஒண்ணுமில்லை, நல்லா இருக்காங்க'ன்னாங்க. பாத்தீங்களா? ஒண்ணுமே நடக்கலை! இதுக்குப் போயி மாட்டை விக்காம, மண்ண வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, பொண்ணை அடுத்தவன் ஊட்டுல போட்டு, எத்தனை ஆர்ப்பாட்டம்! நான் அன்னைக்கே சொன்னேன், எதுவும் ஆகாதுன்னு. என் பேச்சை ஆரு கேட்டா?

ஆஸ்பத்திரியில அன்னைக்கு இன்னொரு கூத்துங்க. நான் வாசப்படிக்கிட்ட நிக்கறேன், ஒருத்தன் ஓடியாந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான். அந்த ஊத்துப்பாளையத்து லோகநாதன். அவன் சம்சாரமும் அதே வார்டுல, பொண்ணு பொறந்திருக்குது. கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு, 'ஐயா, அன்னைக்கு மாட்டைப் புடிச்சுட்டுப் போயிருந்தா நாங்க என்ன ஆயிருப்போம்னே தெரியலீங்க. உங்க ஊட்டம்மா...'ன்னு என் கைய உடவே இல்லை அவன்.

கட்டில்ல மேனகா படுத்திருக்குறா. பக்கத்துல சம்பூர்ணம் பேரனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குறா. எல்லாருக்கும் கேக்குது. நானும் சும்மா இருக்கலாங்களா?

'நாந்தான் தம்பி சொல்லச் சொன்னேன்'னேன். 'நாம கஷ்டப்பட்டது போதும், அடுத்தவன் படக்கூடாது பாருங்க. நமக்கு வாயி வராது, அதான் அவளை உட்டுச் சொல்லச் சொன்னேன்.'

அவன் குனிஞ்சு என் காலைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போனான். மேனகா செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. தோளு குலுங்குச்சு. சிரிச்சாளா, அழுதாளா, பச்சை ஒடம்பு, என்னமோ.

சம்பூர்ணம் என்னைய ஒரு பார்வை பாத்தா. நான் காத்துக்கிட்டே நின்னேன், இப்ப வாயத் தொறப்பா, இப்ப மானத்தை வாங்குவான்னு. வாங்கலீங்க. பேரனைத் துணியில நல்லாச் சுத்தி, எங்கையில குடுக்க நீட்டுனா. நீட்டுனவ நிறுத்தி, 'சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க'ன்னு மட்டும் சொன்னா.

கழுவிட்டு வந்துதான் வாங்குனேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா தம்பி? நான் அத்தனை பேருக்கு முன்னால சொன்னேன், நாந்தான் சொல்லச் சொன்னேன்னு. இல்லைன்னு எதுத்து ஒரு வார்த்தை பேசலீங்க அவ. மனசுல குத்தம் இருக்கறவதானுங்களே அப்படி வாய மூடிக்கிட்டு இருப்பா?